ஆமெனுக்குக் காத்திருந்த பேச்சு

இரண்டாம் ஆண்டில் மேடைப்பேச்சு ஒரு பாடமாக வந்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சபையில், சிறு வயதிலிருந்து ஞாயிறுதோறும் எழுந்து சாட்சி சொல்பவள் நான். பரீட்சையில் தேறியது, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று எல்லாவற்றுக்கும் மைக்கைப் பிடித்து இயேசுவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மாமல்லபுரம் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரி வகுப்பறையில் பேசுவதற்கு எனக்கென்ன பயம்?

முதல் நாள் மேடம் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்" என்று கம்பீரமாக ஆரம்பித்து, நிறுத்தினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "இப்போது கல்லூரியிலும் படிக்கிறேன்" என்றேன். மறுபடி நிறுத்தினேன். மின்விசிறி மட்டும் கடகடத்தது. மூன்றாவது வரி வரவேயில்லை.

"பயப்படாதீங்கம்மா, உக்காருங்க" என்றார் மேடம்.

பயமா, எனக்கா? அந்த ஒரு வார்த்தை வீடு போய்ச் சேரும்வரை உறுத்தியது.

மறுநாள் பஸ்ஸில் என் தோழியிடம் பேசிக் காட்டினேன். அவளும் எங்கள் வகுப்புதான், வீடு ஊரப்பாக்கத்தில். நான்கு வரி கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினாள்.

"இன்னாடி, லைனுக்கு லைன் பிரேக் போட்டுகினு கீற? டீசல் தீந்துட்ச்சா?"

"நிறுத்தி நிறுத்திப் பேசணும்டி."

"நிறுத்து, வேணாங்கல. ஆனா நிறுத்திட்டு எங்க மூஞ்சியையே பாக்கிறியே, யாருக்காக வெயிட் பண்ற?"

அப்போதுதான் விளங்கியது. சபையில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் முன்வரிசையிலிருந்து "ஆமென்" வரும். அடுத்ததற்கு "ஸ்தோத்திரம்" வரும். அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியை யோசித்துக்கொள்வேன். இத்தனை வருடமும் என் சாட்சியில் பாதியை மற்றவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்!

இதைச் சொன்னதும் தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "அண்ணாத்த, இவ பேசறப்போ கொஞ்சம் ஆமென் சொல்றியா?" என்று அவரையும் இழுத்தாள். "டிக்கெட் எடுத்தா சொல்றேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு இடைவெளியே விடாமல் பேசிப் பழகினேன். மேடம் காதைப் பொத்திக்கொண்டார். "எக்ஸ்பிரஸ் மாதிரி போறீங்களே, எங்க ஸ்டேஷன்லயும் கொஞ்சம் நில்லுங்கம்மா."

கடைசிப் பேச்சு பெரிய ஹாலில், பெற்றோர் முன்னிலையில் நடக்கும் என்றார்கள். அதில் திணறினால் பெயில்தான். எங்கள் வீட்டில் அதுவரை பெயிலானவர்கள் யாருமில்லை, படித்தவர்களே இல்லாததால். அந்தப் பெருமையை நான் கெடுக்க விரும்பவில்லை. அதைவிட, அம்மா முன்னால் வாயடைத்து நிற்கக் கூடாது.

அம்மா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறார். "உங்க மேடம் என்னிய உள்ள வுடுவாங்களா?" என்றார்.

"கூப்பிட்டதே அவங்கதாம்மா."

"அப்ப லீவு சொல்லிட்றேன். நீ நல்லா பேசு, இன்னா?"

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, அம்மா போகும் கம்பெனி பஸ். யார் எந்த சீட்டு, யார் தோளில் யார் தூங்குவார்கள் என்பதெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மேடை ஏறியதும் கடகடவென்று ஆரம்பித்தேன். ஜன்னல் வழியே வந்த கடல் காற்றில் பின்னால் பேனர் படபடத்தது. நான் அதைவிட வேகமாகப் படபடத்தேன். "அந்த பஸ்ஸில் போய்த்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார்" என்று சொன்னபோது மூச்சு முட்டி நின்றுவிட்டேன். அடுத்த வரி காணவில்லை. ஹாலில் அதே பழைய அமைதி.

"ஸ்தோத்திரம்!"

மூன்றாவது வரிசையிலிருந்து, சபையில் கேட்கும் அதே குரல். ஹாலே திரும்பியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் எனக்கு மூச்சு வந்துவிட்டது, வரியும் வந்துவிட்டது.

"அவங்கதான் எங்க அம்மா" என்றேன். கைதட்டல் அடங்கும்வரை நிதானமாக நின்றேன். அதன்பிறகு எக்ஸ்பிரஸ் ஓடவில்லை. வேண்டிய இடத்தில் நின்று, வேண்டிய இடத்தில் கிளம்பினேன். நான் நின்ற இடத்திலெல்லாம் ஹால் சிரித்தது. ஓரிடத்தில் பின்வரிசையிலிருந்து தோழி "ஆமென்!" என்று கத்த, பாதி ஹால் சேர்ந்துகொண்டது. முடிவில் நான் நன்றி சொன்னபோது மேடத்தின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன்.

"பாஸ்தான். ஆனா அடுத்த பரீட்சைக்கு ஆள் கூட்டிட்டு வரக்கூடாது" என்றார் மேடம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்: "அடுத்த கூட்டம் எப்ப வெச்சிகிறாங்க?"

"கூட்டம் இல்லம்மா, பரீட்சை. நான் பாஸாயிட்டேன், முடிஞ்சிபோச்சு."

"அடடா" என்றார் அம்மா. "இப்பதானடி சூடு புடிச்சுது."