முந்திரி அல்வாவின் பின்பக்கம்

விண்கலத்தில் வேலை பார்த்த ஒருவர் செத்துவிட்டார் என்று நம்பி, அறுபதுகளில் ஒரு நாள், நான் ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று தப்பிக்கவும் வழியில்லை.

வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தொடர்கதை அது. செவ்வாயைத் தாண்டிப் போகும் கலம், அதில் ஐந்து பேர். தலைவன் அழகன், வீரன். அவனை எனக்கு ஆகாது. என் ஆள் கிழட்டு இஞ்சினியர். ஹெல்மெட்டுக்குள் மூக்குப்பொடி போட முடியவில்லையே என்று வாராவாரம் அலுத்துக்கொள்வார். கலம் தீப்பிடித்தால்கூட, "இருப்பா, வர்றேன்" என்பார். முதுநகர் வீட்டில் நான் அவரை மாமா என்றுதான் சொல்வேன். சொந்த மாமாக்கள் யாரும் இப்படி வாரம் தவறாமல் வந்ததில்லை.

அந்த வாரம் மாமா, கலத்தின் வயிற்றில் விழுந்த ஓட்டையை அடைக்க இடுப்பில் கயிற்றோடு வெளியே இறங்கினார். பக்கத்தைப் புரட்டினேன். "கயிறு அறுந்தது. பெரியவரின் மூச்சு" என்பதோடு காகிதம் நின்றுவிட்டது. கடைசிப் பத்து வரி இருக்கவேண்டிய இடத்தில், கத்தரியால் நறுக்கிய ஒரு சதுரம். அதன் வழியாக அண்ணி தெரிந்தார்.

"பின்பக்கம் முந்திரி அல்வா செய்முறை போட்டிருந்தான் தம்பி. காடாம்புலியூர்லேந்து முந்திரி ஜாஸ்தி வந்துருச்சு, என்ன பண்றதுன்னு நேத்து வந்த ஒங்க அக்கா கேட்டாங்க. வெட்டிக் குடுத்துட்டேன். சிதம்பரத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"இந்தப் பக்கம் ஒரு உயிர் போய்க்கிட்டிருந்துச்சு அண்ணி."

"போனா போவுது. அடுத்த வாரம் வேற ஆள் வருவான்."

ஸ்டேஷன் கடைக்கு ஓடினேன். பத்திரிகை தீர்ந்திருந்தது. மறுநாள் காலை ஹெட்கிளார்க் முன்னால் நின்றேன்.

"மாமாவுக்கு மூச்சுத் திணறல் சார். சிதம்பரம் போவணும்."

"ஆஸ்பத்திரில சேத்தாச்சா?"

"இல்ல சார். வெளியிலதான் இருக்காரு."

அவர் முகம் வாடிப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

ரயிலில் உட்கார்ந்து, மாமாவிடம் எத்தனை நிமிஷக் காற்று மிச்சமிருக்கும் என்று யோசித்தேன். பரங்கிப்பேட்டை வருவதற்குள் அவர் மூன்று தடவை செத்திருந்தார்.

சிதம்பரத்தில் அக்கா அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள். செய்முறை அடுப்புக்கு மேலே சுவரில் இருந்தது, சோற்றுப் பசையால் நன்றாக ஒட்டி. மாமா சுவர்ப்பக்கம். தண்ணீர் தெளித்து உரித்தேன். காகிதம் சுண்ணாம்போடு பொடிப்பொடியாக வந்தது. படிக்க முடிந்தது ஒரே ஒரு வார்த்தை: "இனி".

"நெய் எவ்வளவுன்னு இப்ப யார்ரா சொல்றது?" என்றாள் அக்கா, கரண்டியை நிறுத்தாமல்.

அக்கா வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மச்சான், ரயில விட்டு எறங்குனீங்களே, ஸ்டேஷன் கடையில அதே புக்கு வரிசையா தொங்குதே. பாக்கலயா?"

பார்த்தேன். அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அவரே சைக்கிளில் போய் வாங்கிவந்தார். அக்கா செய்முறைப் பக்கத்தை முதலில் பிடுங்கிக்கொண்டாள். நெய்யை அளந்து ஊற்றிய பிறகு என்னிடம் தந்தாள்.

அறுந்தது கருவிப் பையின் கயிறு. பெரியவரின் மூச்சு சீராக இருந்தது. அவர் உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு சிட்டிகை பொடி போட்டுத் தும்மினார்.