தம்பிக்கு ஒரு தனிச் சட்டி

சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை மவ்லூது ஓதுவோம். நபிகள் நாயகம் பிறந்த மாதத்தில் பிறை தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள், அவர்களைப் புகழ்ந்து அரபியில் பாட்டாக ஓதுவது. கடைசி நாள் மட்டும் காலையிலேயே ஓதி முடித்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, சோற்றை முன்னால் வைத்துப் பாத்திஹா ஓதி, தெருவுக்கே கொடுப்போம். அப்படி ஓதிக் கொடுக்கும் சோற்றுக்கு நார்சா என்று பெயர். என் மாமியார் நடத்தி வந்தது அது. அவர்களுக்கு முடியாமல் போன பிறகு கரண்டி என் கைக்கு வந்தது.

நான் பிறந்த வீடு கடலூர் ஓ.டி.யில். எனக்குப் பின்னால் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. எங்களைப் பெற்ற அத்தா இறந்த பிறகு அந்த வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசி நாள் சோற்றில் முதல் பங்கு அவனுக்குத்தான். தூக்குச்சட்டியில் அடைத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தால், கடலூர் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். தம்பி சவூதியில் வேலையாக இருந்த வருஷங்களிலும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக அந்தச் சட்டி போய்க்கொண்டுதான் இருந்தது.

2005 என்று நினைக்கிறேன், தம்பி வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். வந்தவன் பழைய ஆளாக இல்லை. தாடி நீண்டிருந்தது, பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. தொப்பி இல்லாமல் தொழுதான், தொழுகையின் கடைசி இருப்பில் விரலை ஆட்டினான். எங்கள் பக்கத்தில் அப்படித் தொழுகிறவர்களை விரல் ஆட்டுகிற கூட்டம் என்று கேலி பேசுவார்கள். என் தம்பியையும் அப்படிப் பேசினார்கள்.

அந்த வருஷம் தூக்குச்சட்டி திறக்காமல் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டார். மூடியைத் திறந்து பார்த்தேன். நெய் உறைந்துபோய் சோறு அப்படியே இருந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லாத எனக்கு, பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அதுவும் போய்விடுமோ என்று அன்றைக்குப் பயந்தேன்.

பக்ரீதுக்கு அவன் வந்தபோது என் வீட்டுக்காரர் விடவில்லை. நாலு வருஷம் அரபு நாட்டில் இருந்துவிட்டு வந்து எங்களுக்கே கலிமா சொல்லிக் கொடுக்கிறாயா என்று ஆரம்பித்தார். தம்பி குரலை உயர்த்தவில்லை. நபி காலத்தில் இல்லாத ஒன்றை மார்க்கம் என்று சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றான்.

"நபியப் புகழ்றது தப்பா மச்சான்?" என்று கேட்டார் இவர்.

"புகழ்றது தப்பில்ல மச்சான். நீங்க ஓதுறதுல சில எடத்துல அவுங்ககிட்டயே கேக்குற மாதிரி வருது. கேக்க வேண்டியது அல்லாகிட்ட மட்டும்தான். அர்த்தம் தெரிஞ்சுதான் ஓதுறீங்களா?"

இவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், ஓதுகிற பள்ளிக்குப் போய் அரபியை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். பொருள் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்குக் கோபத்தைக் கொடுத்தது. எனக்கு வெட்கத்தைக் கொடுத்தது.

பேச்சு தர்காவுக்குப் போயிற்று. கபுரில், இறந்தவர்களை அடக்கிய இடத்தில், போய்க் கையேந்துவது அல்லாஹ்வுக்கு இணை வைப்பது, அதற்கு மன்னிப்பே கிடையாது என்று தம்பி சொன்னான். நான் அதுவரை கதவு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அத்தா வருஷம் தவறாமல் தர்காவுக்குப் போனவர்.

"அப்போ அத்தா எங்கடா இருப்பாங்க?" என்று கேட்டேன்.

அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு வருவது குறைந்தது. மவ்லூது மாதத்தில் வருவது அடியோடு நின்றது.

பிடிவாதம் அவன் பக்கத்தில் மட்டும் என்று சொன்னால் அல்லாஹ் பொறுக்க மாட்டான். எங்கள் பக்கத்திலும் சில பேர், அந்தக் கூட்டத்து ஆட்கள் ஸலாம் சொன்னால் பதில் சொல்லக் கூடாது, அவர்களோடு சம்பந்தம் வைக்கக் கூடாது என்று பேசினார்கள். என் வீட்டுக்காரர் தம்பியோடு அத்தனை சண்டை போட்டவர், அந்தப் பேச்சைக் கேட்ட அன்றைக்கு மட்டும் பள்ளிவாசலிலிருந்து முகம் கறுத்து வந்தார். உன் மேல் சாந்தி உண்டாகட்டும் என்று ஒருத்தன் சொன்னால் வாயை மூடிக்கொண்டு போவது எந்த மார்க்கம் என்று என்னிடம் கேட்டார். 

அந்தச் சமயத்தில் ஊரே இப்படித்தான் இருந்தது. சாமி முன்னால் நின்று எந்தப் பாஷையில் பாடலாம், யார் பாடலாம் என்று சிதம்பரத்தில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. இவர் கேட்டுவிட்டு வந்து, நம்ம சண்டையே பரவாயில்லை என்பார். எதிர் வீட்டில் ரவிக்கை தைக்கிற ஒரு கிறிஸ்தவப் பெண் இருந்தாள், என்னைவிடச் சின்னவள். அவளுடைய அக்கா நெல்லிக்குப்பத்தில் புதிதாக ஒரு சபையில் சேர்ந்து, தோட்டைக் கழற்றி, பூ வைப்பதை விட்டு, மாதா கோயில் திருவிழாவுக்கு வருவதையும் நிறுத்தியிருந்தாள். திரும்பி வந்த தூக்குச்சட்டியைப் பற்றி அந்தத் தையல்காரியிடம் சொல்லி அழுதேன்.

"எங்கக்கா மாதா கோயில் கஞ்சி குடிக்க மாட்டேங்குது, உங்க தம்பி மவ்லூது சோறு தின்ன மாட்டேங்கறாரு. ரெண்டு பேரையும் ஒரே பஸ்ல ஏத்தி உட்டா ஓட்டல்காரனுக்குத்தான் லாபம்" என்றாள் அவள். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

தம்பி சண்டைக்கு முன்னால் ஒரு தடவை எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அரபிக்குக் கீழே தமிழில் பொருள் போட்ட திருமறை. அதைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். சமையல் முடிந்து இவர் கடையிலிருந்து வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக. நாள் தவறாமல் தொழுகையில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வயதில் தெரிந்துகொண்டேன். சில நாள் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். என் பிள்ளைகளின் கையில் கட்டியிருந்த தாயத்தை அவிழ்த்தது அப்போதுதான். மவ்லூது பாட்டுக்கும் பொருள் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். பெரும்பாலும் அன்புதான் அதில் இருந்தது. தம்பி சொன்ன மாதிரி சில வரிகளும் இருந்தன. ஓதுவதை நான் விடவில்லை. அந்த வரிகள் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பெண்கள் கூட்டமாக ஓதும்போது ஒருத்தி மௌனமாக இருப்பது யாருக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

தனிச் சட்டி யோசனை வந்தது வேறு இடத்திலிருந்து. கோயில் வீதிப் பக்கம் ஒரு சைவக் குடும்பம், இவருடைய கடைக்குப் பழைய வாடிக்கை. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் சமைத்த சோறு அனுப்ப மாட்டோம். பச்சரிசி, சர்க்கரை, வாழைப்பழம் என்று ஓதுவதற்கு முன்னாலேயே தட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். பொங்கலுக்கு அவர்களும் கரும்பும் வெல்லமும் அப்படித்தான் அனுப்புவார்கள். ஒரு வருஷம் அந்தத் தட்டை எடுத்து வைக்கும்போது எனக்குச் சுரீர் என்றது. இவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்பது எனக்கு ஒரு நாளும் கஷ்டமாகப் பட்டதில்லை. கூடப் பிறந்தவனுக்குத் தனியாக வைப்பதற்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை?

அடுத்த வருஷம், 2009 இருக்கும், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அவனுக்குப் போன் போட்டேன். நீ வா, உனக்குத் தனியாக ஆக்குகிறேன், அந்தச் சோற்றில் யாரும் ஓத மாட்டார்கள் என்றேன். அவன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அரிசி தனியா, நெய் தனியா, அடுப்பு தனியா என்று. எல்லாம் தனி என்றேன்.

"நிய்யத்து இன்னான்னு வெச்சு ஆக்குவ?" என்று கேட்டான். எந்தக் காரியத்துக்கும் மனதில் வைக்கிற எண்ணம் முக்கியம் எங்களுக்கு.

"என் தம்பி பசியோட வர்றான்னு நிய்யத்து வெச்சு ஆக்குவேன்."

சரி, வர்றேன் என்றான்.

கடைசி நாள் கொல்லையில் விறகடுப்பில் பெரிய தேக்சா ஏறியது. உள்ளே கேஸ் அடுப்பில் தம்பிக்குச் சின்னச் சட்டி. புதிதாக நெய் வாங்கி, முந்திரி கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன். பெரிய தேக்சாவைத் தம் போட ஆளை விட்டுவிட்டு, சின்னச் சட்டியை நானே இறுக்கி மூடித் தம் போட்டேன். ஓதல் முடிந்தது, ஆட்கள் சாப்பிட்டுப் போனார்கள். மதியம் லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு தம்பி வந்தான். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஸலாம் சொன்னார், அவன் முழுசாகப் பதில் சொன்னான். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். சின்னச் சட்டியைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். மூடியைத் தூக்கினேன், ஆவி வந்தது. மூடி கையில் இருக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அத்தா இறந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். நெய்ச்சோறு அத்தாவுக்கு உயிர். தம் போட்டு மூடியை வைக்கும்போதெல்லாம் திருமறையின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதி, அதன் நன்மையை அத்தா பேருக்குச் சேர்ப்பேன். நினைத்து ஓதுவதில்லை, கை மூடியை வைத்தால் வாய் தானாக ஓதிவிடும். காலையில் இந்தச் சட்டிக்கும் ஓதியிருந்தேன்.

யாருக்கும் தெரியாது. அவன் கை சோற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் கழித்து என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். சொல்லாமல் இருந்தால் சாப்பிடுவான், சந்தோஷமாகப் போவான், அடுத்த வருஷமும் வருவான். ஆனால் அவன் அல்லாஹ்வுக்குப் பயந்து ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறான். அதை நான் அவன் வாயில் தெரியாமல் போட்டால், நாளைக்கு மறுமையில் இரண்டு பேரும் எழுப்பி நிறுத்தப்படும் இடத்தில் நான் என்ன சொல்வது?

"தம்பி, கொஞ்சம் இரு" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். "யார் பேருக்கு ஓதுன?" என்று கேட்டான்.

"அத்தா பேருக்குத்தான்."

 என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வாய் திங்கப் போனவன உட்டியா நீ? இப்ப இத சொல்லலன்னு யார் அழுதா?" என்றார்.

"இல்ல மச்சான், சொன்னது நல்லது" என்றான் தம்பி. பிறகு என்னைப் பார்த்து, "நானும் அத்தாவ மறக்கலக்கா. அன்னிக்கு நீ கேட்டதுலேர்ந்து ஒரு தொழுகை உடாம அத்தாவுக்குத்தான் கேக்குறேன். அவுங்களுக்கு மன்னிச்சுடு, தெரியாம செஞ்சாங்கன்னு. வேற எனக்கு இன்னா தெரியும்" என்றான்.  நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சோற்றை அவன் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "பசிக்குதுக்கா, வேற இன்னா இருக்கு?" என்று கேட்டான். முந்தின நாள் வடித்த சோறு தண்ணீர் ஊற்றிக் கிடந்தது. காலைச் சமையல் அவசரத்தில் யாரும் அதைச் சாப்பிடவில்லை. பழைய மீன் குழம்பும் அதன் சட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தது. வீட்டில் நெய் மணக்க மணக்க, அவன் பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, உப்பு கேட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான். நானும் ஒரு தட்டு எடுத்து அதே சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பத்துக்கே கிறுக்கு என்று சொல்லிக்கொண்டு தாளிச்சாவை ஊற்றி நெய்ச்சோறு சாப்பிட்டார்.

"இனிமே நீ போட்டா நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. எதையாவது ஓதியிருந்தா நீயே சொல்லிடுவ" என்றான் தம்பி, கை கழுவும்போது.

சின்னச் சட்டி எதிர் வீட்டுக்குப் போயிற்று. முந்திரி இத்தனை போட்டு எனக்கு ஒரு நாளாவது கொடுத்தீங்களாக்கா என்று சண்டைக்கு வந்தாள் தையல்காரி.

அதன் பிறகு தம்பி ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் வந்தான். மவ்லூது தப்பு என்பதில் அவன் ஒரு அங்குலம் இறங்கவில்லை. வந்தால் இவரோடு அதே வாக்குவாதம், ஆனால் டீயைக் குடிக்காமல் எழுந்து போவதில்லை. நானும் ஓதுவதை நிறுத்தவில்லை. ஒரு பெருநாளைக்குக் கடலூரில் அவர்கள் திடலில் பெண்களுக்கும் தொழ இடம் விட்டிருக்கிறார்கள் என்று கூப்பிட்டான், போய்த் தொழுதுவிட்டு வந்தேன். வானத்துக்குக் கீழே அத்தனை பேரோடு வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை. அதற்காக அவனுக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள்.

தனிச் சட்டி ஆக்குவதை மட்டும் விட்டுவிட்டேன். பதினொன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு கை அரிசி கூடப் போட்டு வடித்து, தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். வடிக்கிற சோற்றுக்குத் தம் கிடையாது. அதனால் அதற்கு ஓதும் பழக்கமும் எனக்கு இல்லை.