கடல் வராத வருஷங்கள்

புன்னைக்காயலுக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். அற்புதமணி அங்கே மருத்துவச்சியாக வந்தது நாற்பத்துநாலில். சாத்தான்குளத்துக்காரி, வேறு சபைக்காரி. ஆனாலும் முப்பது வருஷத்தில் ஊரில் பாதிப்பேரை அவள் கைதான் ஏந்தியிருந்தது. நர்சம்மா வருகிறாள் என்றால் சண்டைக்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள்.

எழுபத்துநாலில் அங்கே பிரசவ விடுதி கட்ட உத்தரவு வந்தது. படகுக்காரர் பர்னபாஸ் கரையோரத்தில் தன் நிலத்தை இனாமாகக் கொடுத்தார். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் அங்கே கடல் ஏறும். மேற்கே மணல்மேட்டில் கட்டுங்கள் என்றாள் அற்புதமணி. இதுவரை எத்தனை தடவை ஏறியது என்று எழுதித் தரச் சொன்னார் ஓவர்சியர் சிவனணைந்தபெருமாள்.

ஆண்களைக் கேட்டால் ஒன்று பத்தாகும். அவள் பெண்களைக் கேட்டாள். அறுபத்துநாலாம் வருஷப் புயலை எல்லாரும் சொன்னார்கள். மற்றவற்றுக்கு வருஷம் தெரியவில்லை. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, இளையவன் வயிற்றில் இருந்தபோது என்றுதான் சொல்ல முடிந்தது. அது போதாதா? அந்தப் பிள்ளைகள் பிறந்த தேதியெல்லாம் அவளுடைய பிரசவ நோட்டில் இருந்தன. ஒத்துப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் நாலு தடவை அந்த நிலத்தில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றிருக்கிறது.

வருஷா வருஷம் வருகிறது என்று எழுதிப் போடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள் பெண்கள்.

"ஏளா, வந்த வருசத்த மட்டுமா எண்ணுறது? வராத வருசத்தையும் எண்ணணும்" என்றாள்.

நாலே தடவைதானா என்று ஓவர்சியர் உதட்டைப் பிதுக்கினார். கட்டடம் எத்தனை வருஷம் நிற்கும் என்று அவள் கேட்டாள். அறுபது என்றார்.

"அப்ப எட்டுத் தடவ வரும் சார். அதுல ஒரு தடவ ஒருத்தி வலியில கெடந்தாப் போதும். அவள எந்திரிச்சு ஓடச் சொல்லுவியளா?"

அவர் ஃபைலை மேலே அனுப்பினார். அது மூன்று வருஷம் தூங்கியது. மூன்று மழைக்காலத்திலும் கடல் எல்லை தாண்டவில்லை. யாரும் கேட்காமலே வருஷக் கடைசியில் அவள் ஓவர்சியர் ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டாள்: முப்பத்தொன்றில் நாலு, அடுத்த வருஷம், முப்பத்திரண்டில் நாலு, பிறகு முப்பத்துமூன்றில் நாலு. விகிதம் இறங்க இறங்கக் கரையோர நிலமே முடிவாகிவிடும் என்று அவளுக்குப் பயம். இருந்தும் போட்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

எழுபத்தெட்டுத் தொடக்கத்தில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெரிய இன்ஜினியர் மூன்று கார்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தாராம். மேட்டைக் கேட்கிறவளே தன் பேச்சுக்குப் பாதகமாக எழுதியிருக்கிறாளே என்று திகைத்தாராம்.

"இவ்வளவு நேரா எழுதுறவ சொன்ன நாலும் நெசமாத்தான் இருக்கும்னு, மேட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டாரும்மா."

அற்புதமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக அடக்கிய அழுகை வந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சீக்கிரம் கட்டுங்க சார். இந்த வருசமே வந்தாலும் வரும்."