இரவல் கை

கை நடுங்குகிற ஒருத்தி எழுத்து வெட்டிப் பிழைக்கிறாள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஸ்டிக்கர் அக்கா அந்தச் சிரிப்புக்குப் பழகியவள். கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற பெயர், வண்டியின் பின்னால் ஒட்டுகிற வாசகம், மருத்துவமனைக் கதவில் "சத்தம் போடாதீர்கள்" என்று மிரட்டுகிற எழுத்து, எல்லாம் அவள் வீட்டிலிருந்து போனவைதான். வெட்டுவது மெஷின். பார்க்க அகலமான பிரிண்டர் மாதிரி இருக்கும். உள்ளே மைக்குப் பதில் ஒரு குட்டிக் கத்தி ஓடும். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து அனுப்பினால், பிளாஸ்டிக் தாளில் அந்த வடிவத்தை அப்படியே கீறிக் கொடுக்கும்.

நடுக்கம் இளம் வயதிலேயே வந்துவிட்டது. நரம்புக் கோளாறு, போகாது, ஆனால் ஆளையும் கொல்லாது என்றார் மருத்துவர். நோய் கொல்லாமல் விட்டதைச் சொந்தக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றாள் ஒரு பெரியம்மா.

"நான் போன ஜென்மத்துல என்ன பண்ணேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுலயா குடியிருந்தீங்க?" என்று கேட்டாள் இவள். பெரியம்மா அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நடுக்கத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இவள் இருப்பது அந்தத் தங்கை வீட்டில். பல வருஷம் அங்கே அவள் பாடு இரவல் கைப் பாடாகவே இருந்தது. ஊசியில் நூல் கோக்க ஒருத்தர், கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டைப் பிடிக்க ஒருத்தர், நிறைய ஊற்றின டம்ளரைத் தூக்க ஒருத்தர். யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்த "கொஞ்சம் வாயேன்" அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

முள்ளை எடுத்தது ஒரு சாஃப்ட்வேர். மெஷின் செய்த கம்பெனியுடையது இல்லை. எங்கோ இருக்கிற யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டது. அழகெல்லாம் கிடையாது. சாம்பல் நிறத் திரை, ஓரத்தில் கட்டங்கள். அந்தக் கட்டங்களில் எழுத்தின் உயரம் இவ்வளவு, இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளி இவ்வளவு என்று எண்ணைத் தட்டினால் போதும். மௌஸைத் தொடவே வேண்டாம். கீபோர்டின் மேல் அவள் ஒரு கனத்த பிளாஸ்டிக் தகட்டை மாட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு பட்டனுக்கும் நேராக ஓர் ஓட்டை. விரல் எவ்வளவு ஆடினாலும் கடைசியில் ஏதாவது ஓர் ஓட்டையில்தான் இறங்கியாக வேண்டும். அவள் எந்த ஓட்டையில் இறங்க நினைக்கிறாளோ அதில் இறங்கும். கை நடுங்கலாம், தட்டிய எண் நடுங்காது. வெட்டி வந்த எழுத்தைப் பார்த்து எவனும் இது நடுங்குகிற கை செய்தது என்று சொல்ல முடியாது. வேண்டாத பிளாஸ்டிக்கை முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு அவளே உரித்தெடுப்பாள். கண்ணாடியில் ஒட்டுவது மட்டும் தங்கை புருஷன் வேலை.

அந்தத் தங்கை புருஷனுக்கு ஒரு வியாதி. திரையில் எது கேட்டாலும் "சரி" என்று அமுக்கிவிடுவார். படித்துப் பார்க்க மாட்டார். போன் கேட்டாலும் சரி, டிவி கேட்டாலும் சரி. "என்னைக் கட்டிக்கும்போதும் இப்படித்தான், என்ன ஏதுன்னு கேக்காம சரியை அமுக்கிட்டாரு" என்பாள் தங்கை.

ஒருநாள் காலையில் அவர் மெஷின் பக்கமாகப் போனார். அதன் சின்னத் திரையில் ஏதோ மின்னியது. அமுக்கினார். அவர் செய்தது அவ்வளவுதான்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். புது மருத்துவமனையின் கதவு எழுத்து மொத்தமும் அவளிடம் வந்திருந்தது. "பிரசவ அறை" என்பதைச் சரிபார்த்து அனுப்பினாள். மெஷின் அசையவில்லை. திரையில் வந்தது: "அங்கீகரிக்கப்படாத மென்பொருள். உங்கள் பாதுகாப்புக்காக இந்த வேலை நிறுத்தப்பட்டது."

"மாப்ள! இதுல எதையாவது தொட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. அப்டேட் கேட்டுச்சு. சரின்னேன்."

"அது கேட்டா குடுத்துடுறதா?"

"நல்லதுக்குத்தானே கேக்கும்?"

நல்லதுக்குத்தான் கேட்கும்! உலகத்தில் பாதி அநியாயம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அவரைத் திட்டி என்ன ஆகும்? மெஷினை விற்றுக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகும், அதற்குள் தங்கள் கையை விட்டு வைத்திருந்தவர்கள் கம்பெனிக்காரர்கள்.

கஸ்டமர் கேரில் ஒரு பெண் தேனாகப் பேசினாள்.

"எங்க சாஃப்ட்வேர் மட்டும்தான் இனிமே வேலை செய்யும் மேடம். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"நேத்து வரைக்கும் எனக்கு என்ன ஆபத்து வந்துச்சு?"

"ஆபத்து வரக் கூடாதுன்னுதான் மேடம்."

"சரி, பழையபடி மாத்திக் குடுங்க."

"அந்த வசதி இல்ல மேடம்."

"பூட்டத் தெரியுது, திறக்கத் தெரியலையா?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் மேடம். நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்."

அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டவள் போல.

கம்பெனியின் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தாள். முதல் கேள்வியே நீங்கள் வரைவதையெல்லாம் நாங்கள் எங்களிடம் வைத்துக்கொள்ளலாமா என்பது. வேண்டாம் என்று சொல்ல அங்கே இடம் இல்லை. உள்ளே போனால் வண்ணத்துப்பூச்சி, இதயம், ரிப்பன், மறுபடி வண்ணத்துப்பூச்சி. எண் தட்டுகிற கட்டம் ஒன்றுகூட இல்லை. எளிமையாக்கினார்களாம். எல்லாவற்றையும் மௌஸால் பிடித்து இழுக்க வேண்டும். அவள் "பி"யைப் பிடித்தாள். அது திரையின் குறுக்கே ஓடியது. திருப்பிப் பிடித்தாள். வீங்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

கடைசியில் அந்தப் பழைய வார்த்தை வாயில் வந்தேவிட்டது. "ஏண்டி, கொஞ்சம் வாயேன்."

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் கை கல் மாதிரி அசையாது. ஆனால் எழுத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"இழுத்துட்டேன்க்கா."

"அது கொஞ்சமா? 'பிரசவ' ஒரு ஊர்ல நிக்குது, 'அறை' அடுத்த ஊர்ல நிக்குது. புள்ள வழியிலயே பொறந்துடும்."

"அப்ப நீயே இழு! எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

சொன்ன மறு நொடியே தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற மாப்பிள்ளைதான் சமாதானம் சொல்ல வந்தார். "விடுங்க அண்ணி, நமக்கு நேரம் சரியில்ல."

"நேரம் என்ன பண்ணுச்சு மாப்ள? எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்து, வெளியாள் சாஃப்ட்வேரை அடைச்சுடுன்னு முடிவு பண்ணியிருக்கான். அவனுக்குப் பேரு இருக்கு, சம்பளம் இருக்கு. அவன் பண்ணதுக்கு நேரத்தையா திட்டுறது?"

மறுநாள் அக்காவும் தங்கையும் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், வாசனை தெளித்த அறை. மேனேஜர் முதலில் கஸ்டமர் கேர் பெண் சொன்னதையே ஆண் குரலில் சொன்னார். பிறகு அவர் பார்வை அவள் கையில் விழுந்தது. அங்கேயே நின்றது. கடைக்காரன் தராசுத் தட்டைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"மேடம், எவ்ளோ நாளா இப்படி? பிரமாதம்! இல்ல, நான் தப்பாச் சொல்லல. இந்தக் கையோட இவ்ளோ சாதிச்சிருக்கீங்களே. வர்ற ஞாயித்துக்கிழமை கஸ்டமர்ஸ் மீட்டிங் இருக்கு. நீங்க மேடைக்கு வரணும். எங்க சாஃப்ட்வேர் உங்க வாழ்க்கையை எப்படி மாத்துச்சுன்னு ரெண்டு வார்த்தை. ஒரு வீடியோவும் எடுத்துக்கலாம்."

"உங்க சாஃப்ட்வேர் என் வாழ்க்கையை நேத்துதான் மாத்துச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் குரலை இறக்கினார். "நிகழ்ச்சி நல்லா நடந்துச்சுன்னா, உங்க மெஷினை மட்டும் பழையபடி திறந்துவிடச் சொல்றேன். தலைமை ஆபீஸ்ல எனக்கு ஆள் இருக்கு."

"திறக்கிற வசதியே இல்லன்னாங்களே?"

"எல்லாருக்கும் இல்ல மேடம். உங்களுக்கு இருக்கு."

தங்கை மேஜைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தாள். ஒத்துக்கோ என்று அர்த்தம். அக்கா எழுந்திருக்கப் போனாள். ஆனால் கண்முன்னால் அந்த மருத்துவமனைக் கதவுகளெல்லாம் வெறுமையாக நின்றன. தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் பலூன் கட்டியிருந்தார்கள். அட்டைப்பெட்டி செய்கிறவர்கள், துணியில் அச்சுப் போடுகிறவர்கள், வீட்டிலிருந்தபடி வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் என்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடையில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் பெரிய திரை. மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏற்பாடு என்னவென்று சொன்னார்கள். அவள் கையில் இருக்கும் மௌஸ் சும்மா. நிஜ மௌஸ் திரைச்சீலைக்குப் பின்னால் கம்பெனிப் பெண் ஒருத்தியிடம் இருக்கும். அக்கா கையை அசைத்தால் போதும், அந்தப் பெண் இழுப்பாள்.

"இது ஏமாத்து இல்லையா?" என்றாள் அக்கா.

"டெமோ மேடம். எல்லா டெமோவும் இப்படித்தான்."

மேடையில் அவள் கை நடுங்கியது. அதை நெருங்கிப் படம் பிடித்தார்கள். திரையில் எழுத்துகள் மட்டும் நூல் பிடித்ததுபோல வந்து வரிசையில் உட்கார்ந்தன. அரங்கம் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் நோயை விளக்குப் போட்டுக் காட்டி, இன்னொருத்தியின் கையை இருட்டில் ஒளித்து, நடுவில் சரக்கு விற்கிற வியாபாரம் அது. இதைச் செய்தவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்வார்கள்.

கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, எங்க அப்பாவுக்குப் பக்கவாதம். கை இப்படித்தான் ஆடுது. சும்மா உக்கார மாட்டேங்கிறாரு. இது வாங்கிக் குடுத்தா அவரே தனியாப் பண்ணிக்குவாரா?"

மேனேஜர் இவளைப் பார்த்துச் சிரித்தபடி தலையசைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல். சொல்லிவிட்டால் அவள் மெஷின் திறந்துவிடும், சாம்பல் நிறத் திரை திரும்பிவிடும், யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. கூப்பிடுகிற பாடு அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போகும்.

"வாங்காதீங்கம்மா," என்றாள் அக்கா. "இதை நான் பண்ணல. திரைக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இழுக்குது. பாப்பா, கையை எடும்மா. நிஜ மௌஸை இங்க கொண்டா."

கம்பெனிப் பெண் மேனேஜரைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து மௌஸை மேஜையில் வைத்தாள். அக்கா பிடித்தாள். பெரிய திரையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"எனக்கு ஒத்துவர்ற சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்துச்சு. அதை இவங்க..." மைக் செத்துப்போனது. பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

படியிறங்கும்போது மேனேஜர் காதருகே வந்தார். "நன்றி இல்லாத ஆளுங்க. இதுக்குத்தான் உங்க மாதிரி ஆளுங்களை மேடை ஏத்தக் கூடாது."

"எங்க மாதிரி ஆளுங்கன்னா எந்த மாதிரி?" என்றாள் தங்கை, செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்வதுபோலக் குனிந்தபடி. அவர் வேகமாக நகர்ந்துவிட்டார்.

பஸ்ஸில் தங்கை, "உனக்கு மட்டும் திறக்குறேன்னாரே" என்றாள்.

"எனக்கு மட்டும் திறக்கிறதுக்கு அது அவன் வீட்டுக் கதவா? என் மெஷின்டி."

"சரி, இப்ப என்ன பண்றது? யாருக்காவது வித்துடுவோமா?"

"எவன் தலையில கட்டச் சொல்றே?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, கூட்டத்தில் இருந்த அட்டைப்பெட்டிக்காரர் ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தன் கொட்டகையில் ஒரு கிழட்டு மெஷின் இருக்கிறது, அதே கம்பெனிதான், அங்கே இணையம் எட்டாததால் எந்த அப்டேட்டும் அதைத் தொடவில்லை, மத்தியானத்தில் சும்மாத்தான் கிடக்கிறது என்றார்.

இப்போது ஸ்டிக்கர் அக்கா தினமும் பஸ் மாறிப் போகிறாள், ஓட்டை போட்ட தகட்டைப் பையில் வைத்துக்கொண்டு. கொட்டகையில் பசை நாறும், அட்டைத் தூள் மூக்கில் ஏறும். பென்டிரைவில் கொண்டுபோன அந்தப் பழைய சாஃப்ட்வேரில் அவள் எண்ணைத் தட்டுகிறாள், மெஷின் வெட்டுகிறது. அருகில் வரச் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. பிரசவ அறைக்கு எழுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏம்மா, ஒருவழியா வேலை நடக்குது. இன்னும் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?" என்றார் பெட்டிக்காரர் ஒருநாள்.

"எங்க வீட்டுல நல்ல மெஷின் இருக்குங்க. நான் சொந்தக் காசு குடுத்து வாங்குனது. அதுக்குத் துணி போத்தி வச்சுட்டு, நான் உங்க தயவுல உக்காந்திருக்கேன். முகம் வேற எப்படி இருக்கும்?"

அவர் மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் பெட்டி ஒட்டப் போனார்.