கண் மூடிய அம்மன்

எனக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அடுப்பில் கரி இருந்தது, மேட்டில் செம்மண் இருந்தது, அவரை இலையைக் கசக்கினால் பச்சை வந்தது. புதூர்நாட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில் காகிதம்தான் அரிது. பாறையும் சுவரும் வேண்டிய மட்டும் கிடந்தன. கிடைத்த இடத்திலெல்லாம் கிறுக்கினேன்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது அக்கா தலைப்பிரசவத்துக்குப் போளூரிலிருந்து மலையேறி வந்தாள். எங்கள் வீட்டில் உள் அறை ஒன்றுதான். அதில்தான் பிரசவம் என்று பேச்சு. “பயமா கீதும்மா” என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சரி, அம்மன் துணையிருக்கட்டும் என்று, மளிகைக் கடைக் காலண்டரைப் பார்த்து அந்த அறைச் சுவரில் காளியம்மனை வரைந்துவிட்டேன். கழுத்து நிறைய மாலை, நெற்றியில் பெரிய பொட்டு. சிங்கத்தை நான் கண்டதில்லை. அது எங்கள் வீட்டு நாயைப் போலவே வந்தது. ஆனால் அம்மனின் கண்கள் எப்படியோ அமைந்துவிட்டன. எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்த்தன.

அம்மா பார்த்தால் கும்பிடுவாள் என்று நினைத்தேன். கும்பிடத்தான் செய்தாள். கும்பிட்ட கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“இன்னாடி பண்ணி வச்சிக்கீற? கண்ண ஏன்டி வச்ச?”

“கண்ணு இல்லாம மூஞ்சி எப்பிடிம்மா வரும்?”

திருவிழாவுக்கு எங்கள் ஊரில் மண்ணால் அம்மன் செய்வார்கள். கண் எழுதும் வரைக்கும் அது மண். எழுதிவிட்டால் சாமி. சாமி இருக்கும் அறையில் பிள்ளை பெறலாகாது, தீட்டு. அழிக்கலாம் என்றால் சாமிமேல் யார் கை வைப்பது? வெளியே ஐப்பசி மழை. மிச்சம் இருந்தது ஒழுகுகிற மாட்டுக்கொட்டகைதான்.

“பொண்ண மாட்டோட படுக்க வக்கிறதா?” என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைத் திட்டினார்கள், என் படத்துக்கு விளக்கு ஏற்றினார்கள். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் அம்மாவின் அண்ணனை அழைத்தார்கள். அந்த மாமாதான் கோயில் பூசாரி. சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னா, இந்தச் சிங்கம் கொலைக்குமா?” என்று என்னைக் கேட்டார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “தெறந்தவ இவ. இவளே மூடட்டும். காலையில வந்து கற்பூரம் காட்டி உத்தரவு கேக்கறேன், அப்பறம் மெழுவிக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வக்கக் கூடாது.”

கண் மூடிய சாமி எந்தக் காலண்டரிலும் இல்லை. செம்மண் பூசிக் கண்களை மறைத்துவிட்டு, அங்கே கண்ணுக்கொரு கோடு போட்டேன். கோடு கோடாகத்தான் இருந்தது, கண் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசற்படி ஓரம் பாய் போட்டு அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூடிய இமைக்கு உள்ளேயும் உருண்டை இருக்கிறது! அன்றுவரை அதை நான் கவனித்ததே இல்லை. போய்ப் போய்ப் பார்த்து வந்து வரைந்தேன். கண்ணோடு நிறுத்த மனம் வரவில்லை. கன்னத்தைத் திருத்தினேன், உதட்டைத் திருத்தினேன், உதட்டோர மச்சத்தையும் வைத்தேன். இப்படி ஒரு படம் அதற்கு முன் என் கையில் வந்ததில்லை.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். கழுத்து நிறைய மாலை, நெற்றியில் பெரிய பொட்டு, கண் மூடிய அக்காவின் முகம். குடத்தை வைத்தாளா போட்டாளா தெரியாது, தண்ணீர் என் காலை நனைத்தது. அந்தத் தண்ணீரிலேயே தரை மண்ணை வழித்து, இரண்டு கையாலும் சுவரில் அப்பித் தேய்க்கத் தொடங்கினாள். மாலை, பொட்டு, முகம் எல்லாம் போயிற்று.

அப்பா ஓடி வந்தார். “அடியே, உத்தரவு கேக்காம கை வக்கிறியே!”

“உத்தரவும் வாணாம், ஒண்ணும் வாணாம். எம் பொண்ணு வோணும் எனக்கு!”

சத்தத்தில் விழித்து அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழுசாக அங்கேதான் இருந்தாள். அவளைத் தரச் சொல்லி யார் கேட்டார்கள் என்று நான் விழித்தேன்.

மறுநாள் விடிவதற்குள் அந்த அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. அந்தக் காளித்தாய் புண்ணியத்தில் இருவரும் சுகம். தீட்டுக் கழிந்ததும் அம்மா கோயிலுக்குப் போய், ஈர மண்ணில் விழுந்து நெடுநேரம் எழுந்திருக்காமல் கிடந்தாள்.

நான் எனக்குத் தெரிந்த மட்டில் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். படம் அக்காவைப் போலச் சரியாக அமையவில்லை, அம்மாவுக்கு அதுதான் கோபம். அன்று மத்தியானம் அக்கா குழந்தையோடு அயர்ந்து தூங்கியதும், இன்னும் அச்சாக வரைந்துவிட வேண்டும் என்று ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.