கடல் மேல் காய்ந்த சேலை

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் அனந்தராமன் நடத்திவந்த டிராவல் ஏஜென்சியில், பின்பக்கத்து மூலையில், ஃபேக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே ஒரு நாற்காலி இருந்தது. அதுதான் தனபாக்கியத்தின் இடம். கடைக்குள் வருகிறவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். ஆனால் நியூ ஜெர்சியில் பாதித் தமிழர்களுக்கு அவள் குரல் தெரியும். ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் "பாக்கியம் இருக்காங்களா?" என்றுதான் போன் வரும். யாருடைய மாமியாருக்கு வீல்சேர் சொல்ல வேண்டும், யாருடைய மாமனார் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இத்தனை பேரை இத்தனை ஊருக்கு அனுப்பியவள், தான் மட்டும் பிளெய்ன்ஸ்பரோ வீட்டை விட்டால் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் என்று இருந்தாள்.

தொண்ணூறில் கணவன் செல்வராஜின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவள். கிரீன் கார்டு வரும்வரை வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். அந்த வருஷங்களில் அபார்ட்மென்ட் ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கார் யாருடையது என்று சத்தத்திலேயே சொல்லப் பழகிக்கொண்டாள். கார்டு வந்த கையோடு கார் ஓட்டப் பழகினாள், டிக்கெட் போடும் கம்ப்யூட்டரைப் பழகினாள், அந்த மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சின்ன நாற்காலிதான். ஆனாலும் இந்த நாட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டில் அதற்கும் ஆபத்து வந்தது. விமானக் கம்பெனிகள் ஏஜென்ட்களின் கமிஷனை வெட்டிக்கொண்டே வந்தன. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பையன்கள் வேறு இன்டர்நெட்டில் தாங்களே டிக்கெட் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் அனந்தராமன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"டிசம்பரோட இந்த டெஸ்க்கை எடுத்துடலாம்னு இருக்கேன்மா. தப்பா எடுத்துக்காதே. இந்தியா டிக்கெட்டை மட்டும் வச்சுண்டு ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க முடியலை."

தனபாக்கியம் அழவில்லை. அழுதால் மனிதர் இரக்கப்படுவார், இரக்கப்பட்டு இன்னும் ஒரு மாதம் கொடுப்பார். அந்த ஒரு மாதம் அவளுக்கு வேண்டாம்.

அதே வாரம் ஃபேக்ஸ் மெஷின் ஒரு காகிதத்தைத் துப்பியது. பசிபிக் கடலில், பிரெஞ்சுக்காரர்களின் தஹிதிக்கு அப்பால் ஒரு தீவு. கடலில் கால் ஊன்றி, தண்ணீர் மேலேயே கட்டிய வீடுகள். ரிசார்ட்டை வந்து பார்த்து, பிறகு வாடிக்கையாளர்களை அனுப்பும்படி டிராவல் ஏஜென்ட்களுக்கு அழைப்பு. சில நாள் தங்கல் இலவசம், துணைக்கு ஒருவரையும் அழைத்து வரலாம். அனந்தராமன் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம ஜனங்களைத் தண்ணி மேல கொண்டுபோய்த் தங்க வைக்கிறதாவது. நயாகரா போனாலே ட்ரங்க்ல புளியோதரை எடுத்துண்டு போறவா. முதல் கேள்வியே 'அங்க சாதம் கிடைக்குமா?'ன்னு கேப்பா." காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டார்.

தனபாக்கியம் அதைக் கூடையிலிருந்து எடுத்து நீவினாள். "நான் போயிட்டு வரட்டுங்களா? பத்துக் குடும்பத்தை அங்க கூட்டிட்டுப் போறதுக்கு நான் புக் பண்ணீட்டன்னா, இந்த டெஸ்க்கை எடுக்கப்படாது. சரிங்களா?"

பத்து என்ன, ஒன்றுகூட நடக்காது என்ற நம்பிக்கையில் அவர் சரி என்றார்.

அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்தின் அழகான கடலைப் பார்க்கப் போகும் தம்பதி, நீச்சல் உடுப்பு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. ரைஸ் குக்கர் எடுத்துக்கொண்டார்கள். கூடவே அரிசி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். காரணம் இருந்தது. அது புரட்டாசி மாதம். கோபிப் பக்கத்துக் குடும்பம், புரட்டாசியில் கவிச்சி தொடமாட்டார்கள். தீவிலோ கரையெல்லாம் மீன். "எதுக்கும் இருக்கட்டும்" என்று செல்வராஜ் குக்கரைத் தன் சட்டைகளுக்கு நடுவில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தான்.

தீவு அந்தக் காகிதத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட மரப்பாலம், அதன் இருபுறமும் ஓலைக் கூரை போட்ட வீடுகள். உள்ளே நுழைந்தால் தரையின் நடுவில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக மீன்கள். செல்வராஜ் அந்தக் கண்ணாடியின் மேல் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிப் போய்க் கட்டிலை அடைந்தான். பின்பக்க மரத்தளத்தில் நின்றால் நேரே கடலுக்குள் இறங்கும் ஏணி. தனபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இது இவ்வளவு நாளும் பூமியில் இருந்திருக்கிறது, யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது கரையை ஒட்டிய முதல் வீடு, ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில். பாலத்தின் கடைசி வீடுதான் எல்லாவற்றிலும் பெரியது. மூன்று பக்கமும் கடல் தவிர வேறெதுவும் கிடையாது. அதை மன்ஹாட்டனிலிருந்து வந்த ஒரு பெரிய ஏஜென்சிக்காரிக்குக் கொடுத்திருந்தார்கள். தனபாக்கியம் துணி துவைத்துச் சேலையை மரத்தளத்தின் கைப்பிடியில் காயப் போட்டாள். சற்று நேரத்தில் ரிசார்ட்டின் மேனேஜரம்மா, உயரமான பிரெஞ்சுக்காரி, வந்து நின்றாள். மற்ற விருந்தினர்களுக்குக் காட்சி கெடுகிறது, துணியை எடுத்துவிட முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டாள். தனபாக்கியம் எடுத்து உள்ளே போட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

அதற்கும் மேல் பசி. காலையில் ரொட்டியும் அன்னாசியும், மதியம் அன்னாசியும் ரொட்டியும். மூன்றாம் நாள் சாயங்காலம் செல்வராஜால் முடியவில்லை. குக்கரை வெளியே எடுத்தான். சுவரில் பிளக் மாட்டும் ஓட்டை உருண்டைக் குச்சிக்கானது. "நம்மூர் பிளக் மாதிரியே இருக்கு" என்று சந்தோஷப்பட்டு, ஊருக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோகும் அடாப்டரை மாட்டினான். பிளக் நம்மூருடையது போல என்றால் கரண்டும் நம்மூருடையது போல இரு மடங்கு வோல்ட்தான், அமெரிக்காவில் வாங்கிய குக்கர் அதைத் தாங்காது என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. இத்தனைக்கும் கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்தவன். பசி வந்தால் படிப்பு நிற்குமா?

டப்பென்று ஒரு சத்தம். கருகிய வாடை. விளக்கு அணைந்தது. அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, பாலம் முழுக்க, கடைசி வீடு வரைக்கும்.

ஏஜென்ட்கள் எல்லோரும் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். மேனேஜரம்மா டார்ச் லைட்டோடு வந்தாள். வெளிச்சம் முதலில் புகையும் குக்கரின் மேல் விழுந்தது, பிறகு அரிசிப் பை, பருப்புப் பொடி, ஊறுகாய் பாட்டில். தனபாக்கியத்துக்கு உயிரே போய்விட்டது. அனந்தராமனுக்கு இந்தச் செய்தி போனால் டிசம்பர் வரைக்கும்கூட வேண்டாம், நாளைக்கே டெஸ்க் போகும் என்று நினைத்தாள்.

"எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையா?" என்று மேனேஜரம்மா கேட்டாள். கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது அந்தக் குரலில்.

மன்னிப்புக் கேட்கத்தான் தனபாக்கியம் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. இருக்கிற இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னாள்: உங்கள் கடல் அழகு, வீடு அழகு, ஆனால் மூன்று நாளாக நாங்கள் பட்டினி. என் ஜனங்களில் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள், மீதிப் பேரும் வருஷம் முழுக்கத் தொடமாட்டார்கள். அவர்களிடம் காசு இருக்கிறது, லீவு இருக்கிறது, வர ஆசையும் இருக்கிறது. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பயந்துதான் உங்களிடம் வராமல் இருக்கிறார்கள்.

மேனேஜரம்மா டார்ச் லைட்டைத் தாழ்த்தினாள். பிறகு, "என் சமையற்கட்டில் என்ன இருக்கிறது என்று வந்து பாருங்கள்" என்றாள்.

போய்ப் பார்த்தால் தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடை நிறையச் சேப்பங்கிழங்கு. அவர்கள் அதை வேறு பெயரில் அழைத்தார்கள், ஆனால் கையில் எடுத்தால் தெரியாதா? பரங்கிக்காய் இருந்தது, வாழைக்காய் இருந்தது, தேங்காய்க்குக் கேட்கவே வேண்டாம். பெரிய பெட்டியில் தயிர் வேறு இருந்தது. இத்தனையும் பத்தடி தூரத்தில் இருக்க, மூன்று நாள் அன்னாசிப் பழத்தைத் தின்றிருக்கிறாள்.

"வாங்கி உள்ள வச்சுக்கிட்டு எங்களுக்குப் போடலீங்களே" என்று தமிழிலேயே சொன்னாள். மேனேஜரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாள்.

விளக்கு திரும்ப வந்ததும், அன்று இரவு எல்லா ஏஜென்ட்களுக்கும் தனபாக்கியத்தின் கையால் பரங்கிக்காய்த் தேங்காய்ப்பால் குழம்பும், சேப்பங்கிழங்கு வறுவலும், சோறும். தீவின் சமையல்காரர் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்து, தானும் ஒரு கை கிளறினார். மன்ஹாட்டன்காரி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். செல்வராஜுக்குப் பேச நேரமில்லை. கிளம்புவதற்கு முன் மேனேஜரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்: தனபாக்கியம் அழைத்து வரும் குழுவுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தினமும் இந்தச் சமையல். பத்து வீடு நிரப்பினால் அழைத்து வருகிறவருக்கு ஒரு வீடு இலவசம்.

நியூ ஜெர்சி திரும்பியபோது புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் கார் நிறுத்த இடமில்லை. சாமி கும்பிட்டுவிட்டு, வெளியே பார்க்கிங் லாட்டில் தன் டொயோட்டாவின் முன்பக்கத்தில் ஒரு ஃபோட்டோ ஆல்பத்தை விரித்து வைத்தாள். அவளுடைய கெட்டிக்காரத்தனம் அதில் இருந்தது. ஆல்பத்தின் முதல் படம் கடல் அல்ல. வீடும் அல்ல. வாழையிலையில் சோறு, குழம்பு, வறுவல், ஓரத்தில் தயிர். அதைப் புரட்டினால்தான் கடல் வரும்.

"இது எங்க எடுத்தது?" என்று முதலில் நின்றவர் பத்மநாபன், பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனி விஞ்ஞானி, எதற்கும் லேசில் மசியாதவர்.

"அடுத்த பக்கத்துல இருக்குதுங்க அந்த ஊரு. திருப்பிப் பாருங்க."

திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தயிர் தினமும் உண்டா?" என்றார்.

"பிரெஞ்சுக்காரங்க ஊருங்க அங்கிள். தயிர் இல்லாம அவிய இருப்பாங்களா?"

"சம்மர்ல ஷ்ரேயாவுக்கு லீவு. எங்களுக்கு ஒரு வீடு போட்டுக்கோம்மா."

அவர் மகள் ஷ்ரேயா ஏணிப் படத்தைப் பார்த்து, "அப்பா, வீ கேன் ஜம்ப் ஃப்ரம் தி ரூம்" என்றாள். அவர் கேட்டாற்போலவே காட்டிக்கொள்ளவில்லை. அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் போனால் தெரிந்த நாலு பேர் சேர்ந்து போவதுதானே நம் வழக்கம்? ஒரு குடும்பம் இன்னொன்றை இழுத்தது. நவம்பர் முடிவதற்குள் பத்து வீடும் நிரம்பி, கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளின் ஊரிலிருந்து யாரோ ஒருவரின் மச்சினர் போன் செய்து இடம் கேட்டு, இல்லை என்றதும் கோபித்துக்கொண்டார்.

டிசம்பரில் அனந்தராமன் அவள் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "பாக்கியம், நாளைலேர்ந்து நீ முன்னாடி டெஸ்க்ல உக்காரு. வரவாளுக்கு நீ தெரியணும்" என்றார். நகராமல் நின்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல காமாக்ஷி அந்த ஆல்பத்தைப் பார்த்துட்டா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு இடம்… ஆமா, அங்க சாதம் நிஜமாவே கிடைக்குமோன்னோ?"

தனபாக்கியம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "கிடைக்குமுங்க. இன்னொரு வீடு கேட்டுப் பார்க்கறேன்."

"அந்தக் கடைசி வீடுன்னு சொன்னியே, பெரிசா, மூணு பக்கமும் கடல்? அது காலியா இருக்கா?"

"இல்லீங்க. அது புக் ஆயிருச்சுங்க."

"யாருக்கு?"

"எனக்குங்க" என்றாள் தனபாக்கியம்.

கோடை வந்தது. அந்த மரப்பாலத்தின் மேல், பெட்டிகளும் பிள்ளைகளுமாகத் தமிழ்க் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு நடந்தது. ஒவ்வொரு வீடாக ஒவ்வொரு குடும்பமும் நின்றுகொண்டது. கடைசி வீடு வரை நடந்து போனவர்கள் இரண்டே பேர். செல்வராஜ் இந்த முறையும் கண்ணாடியைச் சுற்றித்தான் போனான். தனபாக்கியம் அதன் மேலேயே நடந்து பின்பக்க மரத்தளத்துக்குப் போய், ஏணியில் இறங்கி, சேலையோடு கடலுக்குள் இடுப்பளவு நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு மேலே வந்து உடை மாற்றி, நனைந்த சேலையைப் பிழிந்து, கைப்பிடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்துப் போட்டாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. காற்றுக்கு எழுந்து பறந்தது.

கீழே ஒரு படகில் மேனேஜரம்மா போய்க்கொண்டிருந்தாள். அண்ணாந்து சேலையைப் பார்த்தாள். தனபாக்கியம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

மேனேஜரம்மா கையை ஆட்டிவிட்டுப் போனாள். சேலை சாயங்காலம் வரை அங்கேயே காய்ந்தது.