ஓட்டை போட்ட டின்னும் நாத்தனாரின் பசியும்

மீ நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்ததும் என் மகள் அதிலிருக்கும் மசாலாத் தூளை நேரே குப்பையில் போடுவாள். "அதுல சுவைத்தூள் இருக்கும்மா. பசியைத் தூண்டி விட்டுரும், உடம்பு போட்டுரும் லா" என்பாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது. பசியைத் தூண்டத்தானேடி நான் அதைத் தேடி ஓடினேன்!

அப்போது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் ஆயுதக்காரர்களுக்குப் போய்விடக் கூடாது என்று அரிசியை வீட்டுக்கே விடவில்லை. பொதுக் கொட்டகையில் வடித்து, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் கொடுப்பார்கள். குழம்பு, ரசம் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பின்னாலேயே அவளுக்குக் காய்ச்சல். அது விட்டதும் வாய் செத்துப்போனது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால் வற்றியது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டுக் கத்தும். டின் பாலும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தப் பொண்ணு சாப்பிடலேன்னா பிள்ளை தேறாது" என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

என்னோடு பால்மரம் சீவும் ஒருத்திதான் வழி சொன்னாள். "தவுக்கே கடையில வெள்ளைத் தூள் ஒண்ணு விக்குது. வெறுந்தண்ணில போட்டாக்கூடக் கறிக்குழம்பு கணக்கா இருக்கும். நாக்கு விடாது, பாரேன்."

அவ்வளவுதான், வேலை முடிந்த கையோடு ஓடினேன். அந்தச் சீனக் கடைக்காரர் சின்ன டின் ஒன்றை எடுத்தார். மூடியில் ஆணியை வைத்து ஒரே அடி! டின்னில் வருகிற எதையும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், அப்போதுதான் காட்டில் பதுக்கி வைக்க முடியாதாம்.

"தவுக்கே, இது தூளு! ஈரம் பட்டா என்னத்துக்கு ஆகும்?"

"ரூல் லா, அம்மா. நான் ஜெயில் போகவா?"

வெளியே மழை கொட்டுகிறது. டின்னை மடியில் பொத்திக்கொண்டு ஓட்டமாய் ஓடிவந்தேன்.

கொதிக்கிற ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். அடியம்மா! எலும்பே போடாமல் எலும்பு ரசம்! சோற்றில் பிசைந்து நாத்தனாருக்கு ஊட்டினேன். ஒரு வாய் வாங்கியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் தட்டையே பிடுங்கிக்கொண்டாள். வழித்துத் தின்றுவிட்டு, "அண்ணி, இன்னும் சோறு இருக்கா?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது!

சோற்றுக்கு எங்கே போவது? கொட்டகையில் கேட்டால், அளவு அளவுதான் என்று விரட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் காவல் படையில் இருந்தார், அவருக்குச் சாப்பாடு அங்கேயே. ஆகவே என் பங்கை அவள் தட்டில் தள்ளினேன்.

"உங்களுக்கு?"

"நான் அப்பவே தின்னாச்சு. பேசாம தின்னு."

தினமும் இதே பொய்தான். நான் ரசத்தை மட்டும் குடித்துக்கொள்வேன். வினையே அதில்தான் இருந்தது! அந்தப் பாழாய்ப்போன தூள் ஆள் பார்த்தா வேலை செய்யும்? அதுவரை சும்மா கிடந்த என் பசியும் ரசம் உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கன்னம் உப்பியது, என் ரவிக்கை தொளதொளத்தது. தூள் ஒன்றுதான், சோறு ஒரு பக்கம் போனது.

ஒரு சாயங்காலம் அவள் கத்தினாள். "அண்ணீ! பால் வந்திருச்சு அண்ணீ!"

ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை கடைவாயில் வழிய வழிய மடக்மடக்கென்று குடிக்கிறது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். அப்போது பார்த்தா என் வயிறு ஊரைக் கூட்டுகிற மாதிரி இரைய வேண்டும்!

நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள். என் ரவிக்கையைப் பார்த்தாள். அடுப்படியில் தூசி படிந்து கிடந்த என் தட்டைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க எப்பலேருந்து சாப்பிடல?"

பிள்ளை அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது.